பேங்க் வேலைய விட்டுட்டு மண்பாண்டம் செய்யப் போகலாமா?

கடிதம் எழுதின தோழி மதுரைக்காரங்க, வயசு 37, பொதுத்துறை பேங்க்ல ஆபீசர், சேந்து 13 வருஷம் ஆச்சு. அடையாளம் தெரியிற விவரம் எல்லாத்தையும் எடுத்துட்டேன். அவங்க எழுதினது ரொம்ப நீளம், அதுல முக்கியமானத மட்டும் இங்க சொல்றேன்.

முதல்ல ஒரு கிராமத்து கிளையில இருந்திருக்காங்க, அங்க மகளிர் குழு பெண்களுக்கு பாஸ்புக் பாக்கவும் வட்டி கணக்கு போடவும் சொல்லிக்குடுத்தத "அது வேற காலம்"னு ஒரே வரியில எழுதிட்டு தாண்டிப் போயிட்டாங்க. இப்ப டவுன் கிளை. காலையில பேங்க் திறக்குறதுக்கு முன்னாடியே வாட்சப்ல இன்சூரன்ஸ் டார்கெட் வந்துடும், சாயங்காலம் எத்தன பாலிசி போட்டேனு எல்லார் முன்னாடியும் பதில் சொல்லணும். மூணு வாரம் முன்னாடி, கணவர் இறந்து வந்த பணத்த எஃப்டி போட வந்த ஒரு வயசான அம்மாவுக்கு "இதுவும் எஃப்டி மாதிரி தாம்மா"னு சொல்லி வருஷா வருஷம் பணம் கட்டுற பாலிசிய எடுக்க வச்சிருக்காங்க. அன்னைலேர்ந்து தூக்கம் இல்ல. சாப்பாடு ருசிக்கல, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா அழுகை வருது, ரெண்டு தடவ "இப்படியே தூங்கிட்டா நல்லா இருக்கும்"னு தோணியிருக்கு.

ஒன்றரை வருஷமா ஞாயித்துக்கிழமைகள்ல மானாமதுரை போய் ஒரு வயசான அம்மாகிட்ட மண்பாண்டம் செய்யக் கத்துக்கிறாங்க. சக்கரத்துல கை வச்சா நேரம் போறதே தெரியல, "வாரத்துல அந்த ஒரு நாள் தான் நான் உயிரோட இருக்கேன்"னு எழுதியிருக்காங்க. செஞ்ச சாமான நாத்தனார் பேர்ல ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம் வச்சு கொஞ்சம் கொஞ்சமா வித்துக்கிட்டும் இருக்காங்க. இப்ப வேலைய ராஜினாமா பண்ணிட்டு முழு நேரமா இதுல இறங்கணும்ங்கிறாங்க. கணவர் தனியார் காலேஜ்ல பாடம் எடுக்குறார், சம்பளம் கம்மி, வீட்டு லோன் இவங்க பேர்ல. மாமியாருக்கு கோபம், அப்பா "மண்ணப் பிசையவா உன்ன எம்.காம் படிக்க வச்சேன்"னு கேட்டுட்டார், கணவர் "உன் இஷ்டம்"னு சொல்லிட்டார். கேள்வி இது தான்: "மனசுக்குப் பிடிச்ச வேலைய செஞ்சா தான் சந்தோஷம்னு எல்லாரும் சொல்றாங்க, அப்ப நான் ஏன் பயப்படணும்?"

தோழி, உங்க பயம் தப்பில்ல, ஆசையும் தப்பில்ல. ஆனா ராஜினாமா பத்தி பேசுறதுக்கு முன்னாடி பேச வேண்டியது ரெண்டு இருக்கு, அத பேசாம விட்டா நான் எழுதுற எதுவும் உங்களுக்கு உதவாது.

முதல்ல தூக்கமும் அந்த நினைப்பும்

"இப்படியே தூங்கிட்டா நல்லா இருக்கும்"ங்கிறத பத்தோட பதினொண்ணா எழுதியிருக்கீங்க, நான் அப்படி படிக்கல. இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரப் பாருங்க. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலயே மனநலப் பிரிவு இருக்கு, வெளியில பாக்க வசதி இருந்தா அங்கயும் பாக்கலாம். ராத்திரி அந்த நினைப்பு வந்தா 14416க்கு கூப்பிடுங்க, டெலி மானஸ்னு பேரு, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்ல பேசலாம். கணவர்கிட்ட இந்த ஒரு விஷயத்தையாவது இன்னைக்கே சொல்லுங்க.

வேலையினால வர்ற மனச்சோர்வுக்கும் டிப்ரஷனுக்கும் வித்தியாசம் இருக்கு. முதலாவத பர்ன்அவுட்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல தன்னோட நோய்ப் பட்டியல்ல விளக்கியிருக்கு, அத நோய்னு சொல்லல, வேலை சார்ந்த பிரச்சனைனு தான் சொல்லியிருக்கு: சக்தியெல்லாம் வடிஞ்சு போறது, வேலைமேல வெறுப்பு வந்து மனசு விலகிப் போறது, நம்மால எதுவும் உருப்படியா முடியலைனு தோணுறது. டிப்ரஷன் ஆபீசோட நிக்காது, வீட்டுக்குள்ள வரும், தட்டுல இருக்குற சோத்துல கூட வரும். ஞாயித்துக்கிழமை நீங்க சந்தோஷமா இருக்குறது நல்ல அறிகுறி தான், ஆனா பசி, தூக்கம், சாவு பத்தின நினைப்பு மூணும் சேந்து வந்திருக்கும்போது அத மட்டும் வச்சு ஒண்ணும் இல்லைனு சொல்லிட முடியாது. மண்ணத் தொட்டா சரியாயிடும்னு நம்பியிருக்கீங்க, மண் ஆறுதல் தரும், சிகிச்சைக்கு பதிலா நிக்காது. சிகிச்சை ஆரம்பிச்சு தூக்கமும் பசியும் திரும்பி கொஞ்ச நாள் நிலையா இருக்குற வரைக்கும் ராஜினாமா கடிதம் எழுதாதீங்க, அந்த நிலைமையில எடுக்குற முடிவுல பாதி களைப்பு எடுத்த முடிவா இருக்கும்.

ரெண்டாவது அந்த அம்மாவோட பாலிசி. இத உங்களுக்கு தனியாவும் உடனே எழுதிட்டேன், மத்தவங்களுக்கும் தெரியணும்னு இங்கயும் சொல்றேன். ஆயுள் காப்பீட்டு பாலிசி கைக்கு வந்த நாள்லேர்ந்து 30 நாளைக்குள்ள வேண்டாம்னு எழுதிக் குடுத்தா சின்னச் சின்ன பிடித்தம் போக பணம் திரும்ப வரும், 2024லேர்ந்து இந்த 30 நாள் விதி இருக்கு. உங்களுக்கு இன்னும் நாள் இருக்கு. அந்த அம்மாவ கூப்பிட்டு, இது எஃப்டி இல்லம்மா, வருஷா வருஷம் கட்டணும், உங்களுக்கு வேண்டாம்னா இப்படி எழுதுங்கனு சொல்லுங்க. மேனேஜர் முகம் சுளிப்பார், டார்கெட்ல ஒண்ணு குறையும். குறையட்டும். உங்க தூக்கம் போனதுல இதுக்கு இருக்குற பங்கு நீங்க நினைக்கிறத விட பெருசு.

வலிக்கிறது பேங்க்கா, டார்கெட்டா?

உங்க கடிதத்த ரெண்டாவது தடவ படிக்கும்போது தான் எனக்கு இது பட்டுச்சு. "பேங்க் வேலையில அர்த்தமே இல்ல"னு பல இடத்துல எழுதியிருக்கீங்க, ஆனா நீங்க சொல்ற ஒவ்வொரு கஷ்டமும் பாலிசி விக்கிறத பத்தினது, நேர்மையில்லாம பேச வேண்டி வர்றத பத்தினது. கணக்கு பாக்கிறத பத்தி ஒரு புகார் கூட இல்ல, கவுன்டர்ல மக்களோட பேசுறத பத்தி இல்ல. நீங்க தாண்டிப் போன அந்த மகளிர் குழு வரி இருக்கே, கடிதத்துல மானாமதுரைக்கு அடுத்தபடியா உயிரோட இருக்குற வரி அது தான், கையெழுத்து போடத் தெரியாம இருந்த ஒரு அக்கா மூணு மாசத்துல தன் பேர எழுதினத சொல்லியிருந்தீங்க.

2001ல ஏமி ரெஸ்னெவ்ஸ்கி, ஜேன் டட்டன்னு அமெரிக்காவுல ரெண்டு ஆய்வாளர்கள் எழுதின ஒரு கட்டுரைய நிறைய பேர் எடுத்துச் சொல்லுவாங்க. ஒரு ஆஸ்பத்திரியில துப்புரவு வேலை பாக்குறவங்கள பத்தி அதுல வருது. ஒரே வேலை, ஒரே இடம், ஆனா சில பேர் குடுத்த வேலைய மட்டும் முடிச்சிட்டு போறாங்க, சில பேர் நோயாளிகிட்ட நின்னு பேசுறாங்க, நர்ஸ் வேலைக்கு இடைஞ்சல் இல்லாம தன் நேரத்த மாத்திக்கிறாங்க, ஒருத்தர் குணமாகுறதுல தனக்கும் பங்கு இருக்குனு நினைக்கிறாங்க. வேலைக்கு அர்த்தம் இருந்தது இவங்களுக்கு தான். இத சொல்றது, நீங்க மனச மாத்திக்கிட்டு சிரிச்சுக்கிட்டே பாலிசி வித்துட்டு இருங்கனு சொல்றதுக்கு இல்ல. ஏமாத்துற வேலைய எந்தக் கண்ணோட பாத்தாலும் அது ஏமாத்து தான். நான் சொல்றது, உங்க பேங்க்குக்குள்ளயே வேற நாற்காலி இருக்கானு நீங்க இன்னும் தேடவே இல்லைங்கிறது.

ஆர்செட்டி கேள்விப்பட்டிருப்பீங்க, ஊரக சுயவேலைவாய்ப்பு பயிற்சி நிலையம். 1982ல கர்நாடகாவுல உஜிரேங்கிற ஊர்ல ஆரம்பிச்ச ருட்செட்டி தான் இதுக்கு முன்மாதிரி, இப்ப நாடு முழுக்க மாவட்டத்துக்கு ஒண்ணுங்கிற கணக்குல பேங்க்குகளே நடத்துது. கிராமத்து இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் தையல், ஆடு வளர்ப்பு, இன்னும் பல தொழில இலவசமா சொல்லித்தராங்க, முடிச்சவங்களுக்கு லோன் வாங்க வழி காட்டுறாங்க. அங்க டைரக்டரா போறது பேங்க் ஆபீசர் தான். நிதிக் கல்வி மையம், மகளிர் குழு கடன் பிரிவு, மாவட்டத்துல பேங்க்குகள ஒருங்கிணைக்கிற லீட் பேங்க் அலுவலகம்னு இன்னும் இருக்கு. புரமோஷனுக்கு இது தோதில்லைனு பல பேர் அந்தப் பக்கம் போறதில்ல, உங்களுக்கு புரமோஷன் தான் வேணும்னு கடிதத்துல எங்கயும் தெரியல. எழுத்துல கேளுங்க. இடம் உடனே கிடைக்கும்னு சொல்ல முடியாது, ஆனா கேக்காம கிடைக்காது.

பிடிச்ச வேலை தொழிலாகும்போது

"மனசுக்குப் பிடிச்சத செஞ்சா தான் சந்தோஷம்"ங்கிறது பாதி உண்மை. மீதிப் பாதிய யாரும் சொல்றதில்ல, அதான் நான் கொஞ்சம் விரிவா எழுதப்போறேன்.

1973ல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு உளவியல் ஆய்வாளர்கள் நர்சரி குழந்தைங்கள வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. படம் வரையிறதுல தானாவே ஆசை இருந்த குழந்தைங்கள மட்டும் எடுத்து, சில பேருக்கு "வரைஞ்சா பரிசு தருவோம்"னு முன்கூட்டியே சொன்னாங்க, சில பேருக்கு சொல்லாம கடைசியில திடீர்னு பரிசு குடுத்தாங்க, மீதிப் பேருக்கு ஒண்ணும் குடுக்கல. ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு பாத்தா, பரிசுக்காக வரைஞ்ச குழந்தைங்க மத்தவங்கள விட ஏறக்குறைய பாதி நேரம் தான் வரைஞ்சாங்க. திடீர் பரிசு வாங்கினதுங்களுக்கு ஆசை குறையல. ஆக, காசு வந்தாலே கலை கெட்டுப்போகும்னு அர்த்தம் இல்ல, "இது காசுக்காக செய்யறது"னு மனசு முடிவு பண்ணும்போது தான் மாறுது. ஒரே அளவுல 200 காபி கப் வேணும், 15 நாள்ல வேணும்னு ஒரு ஹோட்டல் ஆர்டர் வரும்போது, அதுல 40 கப் சூளையில விரிசல் விட்டு மாச ஈஎம்ஐ தேதியும் நெருங்கும்போது, சக்கரத்துல நேரம் போறது தெரியாம இருக்குமானு யோசிச்சுப் பாருங்க. சில பேருக்கு இருக்கும், எனக்குத் தெரிஞ்சே இருக்காங்க. உங்களுக்கு இருக்குமானு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, பாத்தா தான் தெரியும்.

உங்களுக்கு கத்துக்குடுக்குற அம்மா பத்தி "அவங்க முகத்துல இருக்குற நிம்மதி எனக்கு வேணும்"னு எழுதியிருக்கீங்க. அதே பக்கத்துல அவங்க ரெண்டு பசங்களும் திருப்பூருக்கு பனியன் வேலைக்கு போயிட்டாங்கனும் எழுதியிருக்கீங்க. இந்த ரெண்டையும் சேத்து வச்சு பாக்கணும் தோழி. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சுது, அங்க செய்யிற கடம் கச்சேரி மேடையெல்லாம் ஏறுது, ஆனாலும் ஐப்பசி கார்த்திகை மழையில காய வைக்க வெயில் இல்லாம, சூளை மூட்ட முடியாம தொழில் நின்னு போகும், அதுக்குத் தான் அரசாங்கமே மண்பாண்டத் தொழிலாளிக்கு மழைக்கால நிவாரணம் குடுக்குது. கண்மாய் மண்ணு எடுக்க அனுமதிக்கு அலையணும், பொங்கல் பானையும் கார்த்திகை விளக்கும் தான் பெரிய வியாபாரம், மத்த மாசம் எல்லாம் அத வச்சு ஓட்டணும். நீங்க போறது ஞாயித்துக்கிழமைகள்ல, மாச சம்பளம் அக்கவுன்ட்ல இருக்கும்போது. அவங்க நிம்மதி நிஜமாவே இருக்கலாம், அறுபது வருஷம் கை பழகினதுலேர்ந்து வந்ததா இருக்கலாம், அத அவங்ககிட்டயே கேளுங்க. மழை பெய்யிற ஒரு வேலை நாள்ல லீவு போட்டுட்டு போய் கேளுங்க, வருமானம் எவ்வளவு, பசங்க ஏன் போனாங்க, மறுபடி பிறந்தா இதே தொழிலானு. அவங்க சொல்றத கேக்காம அவங்க வாழ்க்கைக்கு ஆசைப்படுறது அவங்களுக்கும் நியாயம் இல்ல.

கலையையும் வயித்தையும் தனித்தனியா வச்சுக்கிட்டவங்க நம்ம ஊர்ல நிறைய பேர். சென்னைக்கு தெக்கால சோழமண்டலம் ஓவியர் கிராமத்த 1966ல ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் ஆரம்பிச்சப்ப, அங்க இருந்த ஓவியர்கள் பத்திக் துணி (மெழுகு வச்சு சாயம் போடுறது) மாதிரி கைவினைப் பொருள் செஞ்சு வித்து அந்தக் காசுல வாழ்ந்தாங்க, அதனால ஓவியத்த வாங்குறவனுக்காக வரைய வேண்டிய அவசியம் இல்லாம போச்சு. வண்ணதாசன் பேங்க் வேலையில இருந்துக்கிட்டே தான் கதை எழுதினார், சுந்தர ராமசாமி நாகர்கோவில்ல ஜவுளிக்கடைய கவனிச்சுக்கிட்டார், தி.ஜானகிராமன் ரேடியோவுல வேலை பாத்தார். இவங்களுக்கு எழுத்து பொழுதுபோக்கு இல்ல, சம்பளம் எழுத்த காப்பாத்துச்சு. ஜெமினி ஸ்டுடியோ வேலைய விட்டு வந்து எழுத்தோட நின்ன அசோகமித்திரனும் இருக்கார், அந்த வழியும் வழி தான். முழு நேரம் செஞ்சா தான் உண்மையான ஆர்வம், மத்ததெல்லாம் சும்மாங்கிற எண்ணம் உங்க கடிதத்துல அங்கங்க தெரியுது, அத மட்டும் விட்டுடுங்க, அது உங்கள வீணா அவசரப்படுத்துது.

ராஜினாமாவுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

இன்ஸ்டாகிராம் பக்கம். இது பத்தி சாதாரணமா எழுதியிருக்கீங்க, எனக்கு கவலையா இருக்கு. நான் வக்கீல் இல்ல, ஆனா பேங்க் ஆபீசர்களுக்கான நடத்தை விதிகள் எனக்கு தெரிஞ்ச வரைக்கும், முன் அனுமதி இல்லாம நேராவோ மறைமுகமாவோ வியாபாரம் பண்ணக்கூடாது. நாத்தனார் பேர்ல இருக்குறது பாதுகாப்பு இல்ல, "மறைமுகமா"ங்கிற வார்த்தை அதுக்குத் தான். அதே விதியில, ஆபீஸ் வேலை பாதிக்காம எப்பவாவது செய்யிற கலை, இலக்கிய வேலைக்கு அனுமதி தேவையில்லைனும் இருக்கு. அதனால செய்யறத நிறுத்த வேண்டாம், விக்கிறத இப்பவே நிறுத்துங்க, உங்க பேங்க் விதிய வாங்கிப் படிச்சிட்டு விக்கணும்னா எழுத்துல அனுமதி கேளுங்க. நாளைக்கு மேனேஜரோட உரசல் வந்தா அவங்க முதல்ல எடுக்குறது இதத் தான்.

நீண்ட விடுப்பு. சில பொதுத்துறை பேங்க்ல பெண் ஊழியர்களுக்கு சபாட்டிகல்னு சம்பளம் இல்லாத நீண்ட விடுப்பு இருக்கு. உங்க பேங்க்ல இருக்கா, எத்தன மாசம், என்ன காரணத்துக்கு தருவாங்க, சீனியாரிட்டி என்னாகும்னு எச்ஆர்ல கேளுங்க. கிடைச்சா அது தான் சரியான சோதனை. 6 மாசம், அதுல ஒரு மழைக்காலமும் வரணும், தினமும் 8 மணி நேரம் சக்கரத்துலயும் சூளையிலயும் இருந்து பாருங்க. விடுப்புல இருந்தாலும் நடத்தை விதி உண்டு, விக்கிறதுக்கு அப்பவும் அனுமதி வேணும். பாத்துட்டு பிடிச்சிருந்தா வேலைய விடுங்கனு நானே சொல்லுவேன்.

பணம். ராஜினாமா பண்ணா ஊழியர்களுக்குக் குறைச்சுத் தர்ற ஸ்டாஃப் வட்டியில இருக்குற வீட்டு லோன் பொது வட்டிக்கு மாறும், இல்ல மொத்தமா கட்டச் சொல்லுவாங்க. குடும்பத்துக்கு இருக்குற குரூப் மெடிக்ளெய்ம், அதாவது பேங்க் வழியா வர்ற மருத்துவக் காப்பீடு, நின்னுடும், சர்க்கரை இருக்குற மாமியாருக்கு வெளியில புதுசா எடுக்குறது சுலபம் இல்ல. 2010 ஏப்ரலுக்கு அப்புறம் சேந்ததால நீங்க என்பிஎஸ்ல, அதாவது புது பென்ஷன் திட்டத்துல, இருப்பீங்க, அதுல இருக்குறது எல்லாம் கையில வந்துடும்னு நினைக்காதீங்க, ஓய்வு வயசுக்கு முன்னாடி மூடினா பெரும்பகுதி ஆன்யுட்டிக்கு, அதாவது தவணையா பென்ஷன் தர்ற திட்டத்துக்கு, போயிடும். மூடாம நீங்களே தொடரவும் வழி இருக்கு. கிராஜுட்டி, அதாவது பணிக்கொடை, வரும். பொதுவா 3 மாச நோட்டீஸ் குடுக்கணும். இந்த அஞ்சையும் எச்ஆர்ல எழுத்துல வாங்கி, புது ஈஎம்ஐ எவ்வளவுனு கணக்கு போடுங்க, வட்டி கணக்கு உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல. வீட்டுச் செலவும் ஈஎம்ஐயும் சேத்து ஒரு வருஷத்துக்கு தனியா சேத்து வைக்காம இறங்காதீங்க, அந்தப் பணம் இருந்தா தான் உங்களுக்குப் பிடிக்காத ஆர்டர வேண்டாம்னு சொல்ல முடியும்.

வீட்டுல

அப்பாவும் மாமியாரும் சொல்றதுல எனக்கு பெரிய கவலை இல்ல. அரசு சம்பந்தப்பட்ட வேலை கிடைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு பாத்த தலைமுறை, பயப்படத்தான் செய்வாங்க, நீங்க நல்லா இருக்கீங்கனு தெரிஞ்சா அடங்கிடுவாங்க. அப்பா சொன்ன "மண்ணப் பிசையவா"ல இருக்குற ஏளனம் மட்டும் எனக்கு வருத்தமா இருந்துச்சு, அந்தக் கையால பிழைக்கிற ஒரு அம்மாகிட்ட தான் நீங்க மாணவியா உக்காந்திருக்கீங்கனு அவர்கிட்ட ஒரு தடவ மரியாதையா சொல்லுங்க.

கணவர் விஷயம் வேற. "உன் இஷ்டம்"னு அவர் சொன்னத சம்மதம்னு எடுத்துக்கிட்டு நீங்க மேல திட்டம் போட்டுட்டீங்க. எனக்கு அப்படி கேக்கல. அவருக்கு சம்பளம் கம்மி, காலேஜ்ல வருஷா வருஷம் வேலை நிக்குமா போகுமானு தெரியல, இந்த நிலைமையில வேண்டாம்னு சொன்னா உன் சம்பாத்தியத்த நம்பி இருக்கேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு கூட அவர் வாய மூடியிருக்கலாம். பிள்ளைங்க தூங்கினப்புறம் எச்ஆர் தந்த கணக்கையும் டாக்டர் சொன்னதையும் ரெண்டு பேருக்கு நடுவுல வச்சுக்கிட்டு உக்காருங்க. அந்த வயசான அம்மா பாலிசி கதையையும் சொல்லுங்க, நீங்க அவர்கிட்ட அத சொன்னதாவே கடிதத்துல இல்ல. அவருக்கு நீங்க வேலைய வெறுக்கிறது தெரியும், எதுக்காக வெறுக்கிறீங்கனு தெரியாம இருக்கலாம். நீங்க முடிவ சொல்றதுக்கு முன்னாடி அவருக்கு எதுல பயம்னு கேட்டு, அவர் பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருங்க. அவர் என்ன சொன்னார்னு எனக்கு எழுதுங்க, நீண்ட விடுப்பு இருக்கா இல்லையாங்கிறதையும் சேத்து எழுதுங்க, ரெண்டும் தெரிஞ்சா அடுத்த வருஷம் எப்படினு நாம தெளிவா பேசலாம்.